கரண்ட் இல்லாத காலத்துப் பிள்ளைகளும் மின்தொழிற் பயிலுநர்களும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து யாராவது பேச வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டபோது, "ஒரு டொக்டர் பேசினால் நல்லது, நீரிழிவைப் பற்றிச் சொல்லலாம்" என்றார்கள். நீரிழிவைப் பற்றி நாங்கள் ஒவ்வொரு நாளும் கிளினிக்கில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், கேட்பவர்கள் குறைவு. இன்றைக்கு வேறொன்றைச் சொல்ல அனுமதி கேட்டோம். 'நாங்கள்' என்பது தொண்ணூறுகளில் இந்தக் கல்லூரியில் படித்த எங்கள் வகுப்பு முழுவதும். ஒலிவாங்கி ஒருவர் கையில் இருந்தாலும் பேச்சு எல்லோருடையதும். வட்ஸ்அப்பில் மூன்று இரவு சண்டை பிடித்து எழுதிய பேச்சு இது.

பேசப்போவது மின்தொழிற் பயிலுநர் பயிற்சி பற்றி. மின்சாரத்தை உண்டாக்கி, கடத்தி, வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் துறையில், வேலை செய்துகொண்டே வேலை பழகுவது பற்றி. டொக்டருக்கு இது என்ன சம்பந்தம் என்று சிலர் யோசிப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கப்படவேண்டிய சம்பந்தமும் இருக்கிறது.

எங்களை 'கரண்ட் இல்லாத பட்ச்' என்று பின்னால் வந்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். உண்மைதான். 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. அதற்கு முன் மலைநாட்டு ஆறுகள் சுழற்றிய மின்சாரம் அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி தாண்டி, 132 கிலோவோல்ற் வழியில் சுன்னாகம் வரை வந்துகொண்டிருந்தது. அந்த வழி யுத்தத்தில் அழிந்தது. எங்களுக்கு அப்போது பத்து, பதினொரு வயது. வீட்டுச் சுவரில் சுவிச் இருந்தது, மேலே பல்ப் தொங்கியது, இரண்டும் வெறும் அலங்காரம். எங்கள் தம்பி தங்கைகள் சிலர் சுவிச்சைப் போட்டால் வெளிச்சம் வரும் என்பதைக் கதையாகத்தான் கேட்டார்கள்.

மண்ணெண்ணெய் விலை ஏறியது. அரிக்கன் லாம்பு செலவு கூடிய சாமானாகி, ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறக்கூடிய அளவுக்கு மட்டும் எண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் இழுத்த நூல்திரி. ஒரு கொப்பியின் பாதிப் பக்கத்துக்குத்தான் வெளிச்சம் விழும். விடிய எழும்பி மூக்கைச் சிந்தினால் கரி. அந்த வெளிச்சத்தில் நாங்கள் மின்னியல் படித்தோம். ஓமின் விதி, புவித்தொடுப்பு, உருகி, நிலைமாற்றி எல்லாம் பாடமாக்கினோம். நிலைமாற்றி எப்படி இரையும் என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. றோட்டுக்கரையில் இருந்தவை எல்லாம் செத்துப்போய் நின்றன.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டிருக்கிறாள். எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். அந்த நாட்களில் பற்றறி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பது ஊர் முழுக்க நடந்தது. டைனமோ தருவது 6 வோல்ற், ஏறத்தாழ 3 வாற். ஆனால் அது ஆடலோட்டம், திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ரேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். நேரே கொடுத்தால் இரைச்சல்தான் வரும், சிலவேளை ரேடியோவே போய்விடும். இவள் பழுதான ரேடியோக்களைக் கழற்றி நான்கு டயோட் எடுத்து, மட்டைத்துண்டில் குத்தி, ஒரு பாலம்போல இணைத்து, பக்கத்தில் ஒரு கொள்ளளவியும் வைத்துக் கட்டினாள். அவளுக்கு வயது பதினாலு. அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒருத்தர் மாறி ஒருத்தர் பெடல் சுற்ற, தமிழோசை இரைச்சல் இல்லாமல் கேட்டது. உயர்தரத்தில் பௌதிகவியல் ரீச்சர் கரும்பலகையில் அந்த நான்கு டயோட் பாலத்தைக் கீறியபோது நாங்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீட்டை விட்டு நடந்தபோது, மற்றவர்கள் உடுப்பும் நகையும் எடுத்துப்போன பையில் அவள் அந்த மட்டைத்துண்டையும் வைத்திருந்தாள்.

உயர்தரம் முடிந்தது. எங்களில் நாலுபேர் மருத்துவபீடத்துக்குத் தெரிவானோம். அவளுக்கு வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்தது. அவள் அழவில்லை. தொழினுட்பக் கல்லூரியின் மின்னியல் பயிற்சிக்கு விண்ணப்பப் படிவம் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். "கரண்ட் எனக்கு விளங்குது. மற்றது ஒண்டும் எனக்கு விளங்கேல்லை. நீங்களும் வாங்கோ, குடுத்திட்டு வருவம்" என்றாள். தனியப் போகக் கூச்சம். அவளுடைய அம்மா எங்களிடம், "நீங்கள் படிச்ச பிள்ளையள், நீங்கள் சொல்லுங்கோ, இது சரிவருமோ?" என்று கேட்டார்.

நாங்கள் சிரித்தோம். எங்களில் ஒருத்தி, "போஸ்ற்றிலை ஏறுற பெட்டையை ஆரடி கட்டுவான்?" என்றாள். யார் சொன்னது என்பது இப்போது முக்கியமில்லை. மற்ற மூன்றுபேரும் சேர்ந்துதான் சிரித்தோம். படிவம் கொடுபடவில்லை. அவள் கொஞ்சக்காலம் தட்டெழுத்துப் பழகினாள், பிறகு கலியாணமாகிக் கனடா போனாள்.

இதை ஏன் விழா மேடையில் சொல்கிறோம் என்றால், அந்தச் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. போன வருடமும் இதே கல்லூரிப் பிள்ளை ஒன்றைப் பார்த்து வேறு சிலர் அதே மாதிரிச் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

பயிலுநர் என்ற சொல்லைக் கேட்டவுடன் படிப்பு ஏறாத பிள்ளைகளை அனுப்பும் இடம் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. மருத்துவபீடத்தில் ஐந்து வருடம் படித்து வந்த பின் நாங்கள் என்ன செய்தோம்? ஒரு வருட உள்ளகப் பயிற்சி. ஆறு மாதம் ஒரு விடுதி, ஆறு மாதம் இன்னொரு விடுதி. முதற் கிழமைகளில் கத்தியைத் தொடவில்லை. பெரியவர் வெட்ட, நாங்கள் றிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு கால் மரத்துப்போக நின்றோம். பிழை விட்டால் ஏச்சு. செய்ததை எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அதுவும் பயிலுநர் வேலைதான். ஆனால் அதற்குப் பெயர் இன்ரேர்ன்ஷிப் என்பதால் அம்மாமார் அதைக் கோயிலில் சொல்லிப் பெருமைப்பட்டார்கள்.

சென்ற தவணை விடுமுறையில் எங்களில் சிலர் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய்ப் பார்த்தோம். நாங்கள் எதிர்பார்த்தது ஸ்குறூட்றைவரும் வயரும். கண்டது வேறு. சுவரோடு வரிசையாக மரப்பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் வயறிங். மாடிப்படியின் மேலேயும் கீழேயும் ஒரே பல்பைப் போட்டு நூர்க்கும் இணைப்பை ஒரு பிள்ளை மூன்றாம் தரமாகக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தது. மெகர் என்று ஒரு கருவி. 500 வோல்ற் கொடுத்து வயரின் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது. நாங்கள் ஈ.சி.ஜி. எடுத்து வாசிப்பதுபோல அதை வாசித்து, கொப்பியில் எழுதி, போதனாசிரியரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். முற்றத்தில் இரண்டு கம்பங்கள். இடுப்புப் பட்டியைக் கட்டி, கொழுக்கியை இழுத்துப் பார்த்து, கீழே நிற்பவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் முதற் காலை வைக்கலாம். முதல் நாட்களில் பயிலுநர் ஏணி மட்டும் பிடிப்பாராம். எங்களுக்கு றிட்ராக்டர் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் அங்கேதான் விளங்கியது. நாட்டில் எல்லா இடமும் மின்சாரம் ஒன்றுதான், மண் ஒன்றல்ல. எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல். பல இடங்களில் மேலே மெல்லிய மண், கொஞ்சம் தோண்டினால் கல். புவித்தொடுப்புக் கம்பி நன்றாக இறங்கி ஈரமண்ணைத் தொட்டால்தான் பழுதான மோட்டரிலிருந்து கசியும் மின்சாரம் நிலத்துக்குப் போகும். இல்லாவிட்டால் மோட்டரைத் தொட்டவரின் உடம்பு வழியே போகும். ஆவணி வெயிலில் மண் காய்ந்தால் மாரியில் சரியாக இருந்த எர்த்தும் சரியில்லாமல் போகலாம். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று வேறு. கம்பத்திலுள்ள பீங்கான் காவலியில் உப்புப் படிந்து, முதல் மழைத்தூறலில் ஈரமானால் மின்சாரம் அதன்மேல் ஊர்ந்து பாயும். பனையோலை கம்பியில் உரசும். இதையெல்லாம் கொழும்பிலிருந்து வருபவர் புத்தகத்தில் படித்துத்தான் அறியவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இது கிணற்றடியில் கண்ட விடயம்.

இனி வைத்தியராகக் கொஞ்சம். கரண்ட் அடித்து வருபவரைப் பார்த்தால் முதலில் ஏமாந்துபோவோம். கையில் ஒரு சின்னக் கறுத்தப் புள்ளி, காலில் இன்னொன்று. ஆள் கதைப்பார். ஆனால் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் போன மின்சாரம் உள்ளே தசையை வேகவைத்திருக்கலாம். வெந்த தசையிலிருந்து வெளிவரும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போகும். இதயத்தின் தாளம் குழம்பலாம். ஆகவே "சும்மா சின்ன ஷொக்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். மயங்கியிருந்தாலும், நெஞ்சு படபடத்தாலும், காயம் இருந்தாலும், உயர் அழுத்தக் கம்பி பட்டிருந்தாலும் கட்டாயம் கொண்டுவாருங்கள்.

ஒரு கணக்கும் சொல்கிறோம், பின்வாங்குப் பிள்ளைகளுக்குப் பயன்படும். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். பழைய 60 வாற் பல்ப் ஒன்று எடுப்பது சுமார் 260 மில்லி அம்பியர். நனைந்த கையும் வெறுங்காலுமாக நிற்கும் ஒருவரின் உடம்பு ஏறத்தாழ 1000 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி அம்பியர் போகும். 10 அளவிலேயே தசை இறுகிப் பிடித்த கம்பியை விடமுடியாமல் போகும். பெண்களுக்கு இந்த எல்லை ஆண்களை விடச் சற்றுக் குறைவு. 50ஐத் தாண்டினால் இதயம் துடிப்பை விட்டு நடுங்கத் தொடங்கலாம். வீட்டு ட்றிப் சுவிச் 30இல் விழும்படி வைத்திருப்பது இதனால்தான். அது அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் இழுத்துவைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளையைத்தான் பிறகு எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

எங்களில் ஒருவர் வேலை செய்த வைத்தியசாலையில் ஒரு இளைஞர் வந்தார். இருபது வயதுக்குள். யாரோ ஒரு ஒப்பந்தக்காரரிடம் உதவியாளாக நின்றவர். முறையான பயிற்சி இல்லை, கையுறை இல்லை. கரண்ட் வெட்டியிருக்கிறது, கம்பி செத்துக் கிடக்கிறது என்று சொல்லி ஏற்றியிருக்கிறார்கள். கம்பி சாகவில்லை. பக்கத்து வீடொன்றில் ஜெனறேற்றரை, இடையில் மாற்றுச் சுவிச் இல்லாமல், நேரே பிளக் பொயின்ற்றில் குத்தி ஓட்டியிருக்கிறார்கள். அந்த மின்சாரம் வீட்டு மீற்றரைத் தாண்டி றோட்டுக் கம்பிக்கு வந்துவிட்டது. அப்படிப் பின்னால் வரும் மின்சாரம் நிலைமாற்றி வரை போனால், வீடுகளுக்காக 33,000 வோல்ற்றை 400 ஆக இறக்கும் அதே பெட்டி அதைத் தலைகீழாக ஏற்றிவிடும். அந்தத் தம்பியின் வலது கையைக் காப்பாற்ற முடியவில்லை.

முறையாகப் பழகிய பயிலுநருக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுப்பது இதுதான்: வெட்டு, பூட்டுப் போடு, பலகை தொங்கவிடு, சோதனைக் கருவியால் செத்திருக்கிறதா என்று பார், பார்த்த பிறகும் வேலை செய்யும் இடத்துக்கு இருபக்கமும் கம்பியை நிலத்தோடு தொடு. யாராவது ஜெனறேற்றர் போட்டாலும் அது நிலத்துக்குப் போகட்டும் என்று. அந்தத் தம்பிக்கு இதை யாரும் சொல்லவில்லை. நாங்கள் தையல் போட்ட இடத்தில் இல்லை அந்தக் காயத்துக்கான வைத்தியம். அது ஒரு வருடம் முன்னால், ஒரு பயிற்சிப் பட்டறையில் நடந்திருக்கவேண்டியது.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, கொழும்பு உறவினர்கள் எங்களுக்கு போன் எடுத்து அழுதார்கள். எங்கள் வகுப்பு கொஞ்சம் சிரித்தது என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் விடுதியில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. கரண்ட் நின்று ஜெனறேற்றர் பிடிக்கும்வரை உள்ள அந்தச் சில விநாடிகள், குறைமாதக் குழந்தைகள் விடுதியில் மிக நீளமானவை. அப்போது கீழே எண்ணெய்க் கையோடு ஜெனறேற்றர் அறையில் நிற்பவருடைய படிப்பு எங்கள் படிப்பைவிடச் சின்னது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

பெண்பிள்ளைக்கு இது சரிவருமா என்ற கேள்விக்கு வருவோம். இது புதுக் கேள்வியல்ல.

சென்னையில் 1919இல் பிறந்தவர் ஏ. லலிதா. பதினைந்து வயதில் கலியாணம், பதினெட்டில் கணவர் இறந்துபோனார், கையில் நாலுமாதக் குழந்தை. அந்தக் காலத்து விதவைக்கு என்ன வாழ்க்கை என்று அக்காமாருக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் கிண்டி பொறியியற் கல்லூரியில் சேர்ந்து 1943இல் மின்பொறியியல் முடித்தார். இந்தியாவின் முதற் பெண் பொறியியலாளர்களில் ஒருவர். எங்களுக்கு இங்கே முக்கியமானது அதன் பின்பகுதி. செய்முறைக்காக அவர் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருடம் பயிலுநராக வேலை பழகினார். புகையிரதப் பட்டறையில், 1940களில், ஒரு இளம் விதவை. பிறகு மின்கடத்து வழிகளையும் உபநிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின் வேலையிலும் அவர் பங்கு இருந்தது. 1964இல் நியூயோர்க்கில் பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகளின் முதலாவது சர்வதேச மாநாட்டுக்குப் போனார்.

இங்கிலாந்தில் கரோலைன் ஹாஸ்லெற் என்று ஒருவர். 1914இல் ஒரு கொதிகலன் கம்பனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். மேசையில் இருக்கப் பிடிக்காமல் பட்டறைக்கு மாற்றிக் கேட்டு வேலை பழகினார். 1924இல் பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அதன் பணிப்பாளரும் அவர்தான். எங்கள் கல்லூரியின் வயதுதான் அந்த முயற்சிக்கும். யுத்தத்துக்குப் பிந்திய வீடுகளின் வயறிங் எப்படி இருக்கவேண்டும் என்று 1940களில் கூடிய குழுவில் இருந்த ஒரே பெண் அவர். சின்னப்பிள்ளை ஆணியைக் குத்தினாலும் கரண்ட் அடிக்காதபடி துளைக்குள் மூடி இருக்கவேண்டும் என்ற கவலை அந்த வேலையில் கலந்திருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 13 அம்பியர் சதுரக்கால் பிளக். இப்போது எங்கள் நாட்டிலும் அதுவே நியமம். இன்றிரவு போனைச் சார்ஜில் போடும்போது, அந்த மூடியைத் தள்ளித்தான் போடுவீர்கள்.

இவர்கள் பெரிய ஆட்கள் என்று விட்டுவிடலாம். எங்கள் சிநேகிதிக்கு வருவோம். ரொறன்ரோவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, முப்பத்தாறாவது வயதில், அவள் மின்னியலாளர் பயிலுநராகப் பதிந்தாள். ஒன்ராறியோவில் அதற்கு 9000 மணித்தியாலம். ஏறத்தாழ ஐந்து வருடம். அதில் பெரும்பகுதி வேலைத்தளத்தில், மிச்சம் வகுப்பில். பனியில் விறைத்த கையோடு, தன்னைவிடப் பதினைந்து வயது இளைய பொடியன்களோடு நின்று பழகினாள். இப்போது அவளுக்கு உரிமம் உண்டு. மின்விநியோக நிறுவனம் ஒன்றில் உபநிலையப் பராமரிப்பு வேலை. நூற்றாண்டு விழாவுக்கு வரச்சொல்லிக் கேட்டோம். லீவு கிடைக்கவில்லை என்றாள். பேச்சுவாக்கில், "அந்த ஃபோர்ம் இன்னும் என்னட்டைக் கிடக்கு. நிரப்பினபடியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது வாசல்கள் கூட. 1971இல் தேசிய பயிலுநர் சபையாகத் தொடங்கியது இப்போது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையாக இருக்கிறது. கொக்குவிலில் தொழினுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம். அதே இடத்தில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம். பாடசாலைகளில் 2013இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு. என்.வி.கியூ. என்று சொல்லும் தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டம். நாலாம் மட்டம் முடித்தவர் முழுத் தொழிலாளி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமன். ஏணி என்று இதைத்தான் சொல்லவேண்டும். போஸ்ற்றில் சாத்துவதை மட்டுமல்ல.

வேலையும் இருக்கிறது. சுன்னாகத்தில் 2013இலிருந்து உத்துறு ஜனனி மின்நிலையம், 24 மெகாவாற். தேசிய மின்வலையோடு குடாநாடு திரும்ப இணைந்துவிட்டது. பளைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காற்றாலைகளைக் காண்கிறீர்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் பற்றறியும் டீசலும் சேர்ந்த மின்திட்டத்துக்கு 2024இல் இந்திய நன்கொடையோடு ஒப்பந்தம் எழுதினார்கள். எங்கள் வீட்டுக் கூரைகளிலும் சோலர் தகடுகள் ஏறிவிட்டன. இவற்றைப் பூட்டவும் பார்க்கவும் திருத்தவும் ஆள் வேண்டும். தீவுக்கு ஒவ்வொரு பழுதுக்கும் படகில் ஆள் கொண்டுபோவதா, தீவுப் பிள்ளையே பழகுவதா?

ஒரு விடயத்தில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. "இப்போது கம்பம் ஏறத் தேவையில்லை, மீற்றர், கட்டுப்பாட்டறை, பாதுகாப்புக் கருவிச் சோதனை என்று எவ்வளவோ இருக்கிறது, அதைச் சொல்லித் தாய்தகப்பனைச் சமாதானப்படுத்தலாம்" என்று சிலர் சொன்னோம். ரொறன்ரோக்காரி அதற்குச் சம்மதிக்கவில்லை. கம்பம் ஏறாதவளைப் பட்டறையில் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள், ஏறப் பழகட்டும், பிறகு விரும்பினதைச் செய்யட்டும் என்பது அவள் கட்சி. சத்திரசிகிச்சை செய்யப்போகாதவரும் உள்ளகப் பயிற்சியில் சத்திரசிகிச்சை விடுதியில் நின்றுதான் ஆகவேண்டும் என்பதால், எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

தாய்தகப்பனின் பயத்தை நாங்கள் சின்னதாக நினைக்கவில்லை. இரவு வேலை, தனியப் பயணம், வேலைத்தளத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு கழிப்பறை இல்லாதது, வாய்க்கொழுப்புள்ள சக தொழிலாளி, எல்லாம் உண்மை. இவற்றில் பாதி, இரண்டு பெண்பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பினால் குறையும். ஒன்றைத் தனிய அனுப்புவதுதான் கஷ்டம்.

இனி அந்தப் பிள்ளை. இந்தக் கல்லூரியில் தொழினுட்பப் பிரிவில் படித்தவள். மருதங்கேணிப் பக்கம், கடற்கரைக் கிராமம். பயிற்சி நெறியின் வகுப்புப் பகுதியை முடித்துவிட்டாள். வேலைத்தளப் பயிற்சிக்கு சுன்னாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவளோடு படித்த இன்னொரு பிள்ளைக்கும் அங்கேயே. ஊரில் சிலர் சிரித்தார்கள் என்று முன்னர் சொன்னது இவளைப் பார்த்துத்தான். தாய், நிவாரணக் கடிதம் எழுதக் கேட்டு வந்ததுபோல, கையில் படிவத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்து, "டொக்டர், நீங்கள் சொல்லுங்கோ, இது சரிவருமோ?" என்று கேட்டார். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அதே கேள்வி, அதே சொற்கள். இந்த முறை அவரோடு பஸ்ஸில் போய்ப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

எங்கள் வகுப்பு சேர்த்த பணம் சங்கப் பொருளாளரிடம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்குப் பாதுகாப்புச் சப்பாத்து, தலைக்கவசம், இடுப்புப் பட்டி, சோதனைக் கருவி, பஸ் காசு. மற்ற வகுப்புகளும் சேர்ந்தால் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். கணக்கு அடுத்த பொதுக்கூட்டத்தில் வைக்கப்படும். கையுறைதான் கரைச்சலாக இருந்தது. இங்கே கிடைத்த இரப்பர்க் காப்புக் கையுறைகள் எல்லாம் ஆம்பிளைக் கைக்குச் செய்தவை. விரல் நுனி மடிந்தால் பிடி வழுக்கும், வழுக்கினால் ஆபத்து. சிநேகிதி ரொறன்ரோவிலிருந்து மூன்று சோடி அனுப்பியிருக்கிறாள், 1000 வோல்ற் வரை தாங்கும் 0 வகுப்பு, எட்டாம் அளவு, மேலே போடத் தோலுறையும் சேர்த்து. பெட்டிக்குள் வேறொன்றும் இல்லை, கடிதமும் இல்லை.

மிச்சம் ஒன்றுதான். மருதங்கேணியிலிருந்து விடிய முதல் பஸ் எடுத்தாலும் வேலை தொடங்கும் நேரத்துக்குச் சுன்னாகத்துக்கு வந்துசேர முடியாது. இரண்டு பிள்ளைகளுக்கும் தங்க ஒரு அறை வேண்டும். சுன்னாகம், மருதனார்மடம், மல்லாகம் பக்கம் வீடு உள்ள அக்காமார் யாராவது இருந்தால், தேநீர் இடைவேளையில் மேடைக்கு இடப்பக்கக் கதவடியில் நிற்கிறோம், வந்து சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டைப் பூட்டிவைத்திருப்பவர்களும் சொல்லலாம். பிள்ளைகள் திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும்.